ஹாலோவே எங்க வீட்டுக்கு வந்த வழி

அடுத்தவன் பாட்டன் பேர பேப்பர்ல அடிச்சு, பிரேம் போட்டு, அவன்கிட்டயே விக்கற தொழில் ஒண்ணு அமெரிக்காவுல இருக்குது. அதுல வருஷக்கணக்கா நின்னு கால் வீங்கினவன் நான்.

பொண்டாட்டி நர்ஸு, புருஷன் கூட வந்த லக்கேஜுன்னு பிளேன் ஏறின அண்ணன்மாரே, இந்த வலி உங்களுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழம சர்ச் முடிஞ்சு சமோசா சாப்பிடறப்ப ஒருத்தன் வந்து தோள்ல கை போட்டு, "பிரதர் எங்க வொர்க் பண்றீங்க"ன்னு கேப்பான். அப்ப ஒரு துண்டு சமோசா தொண்டையில நிக்கும் பாருங்க, எனக்கு அது இன்னும் அங்கதான் நிக்குது. கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுக்கறேன், நீங்க பாத்து சிரிச்சுக்கோங்க.

கம்ப்யூட்டர் லைன்

எட்டாங்கிளாஸ்ல என்னை பாஸும் போடல, வெளியவும் தள்ளல. நானா எழுந்து வந்துட்டேன். பெரம்பூர்ல ஆட்டோ ஓட்டினேன், கல்யாண வீட்டுக்கு மைக் செட் கட்டினேன், எல்லாத்துக்கும் மேல வாய் ஓட்டினேன். அந்த வாயப் பாத்து மயங்கித்தான் ஷீலா என்னைக் கட்டினா. அப்புறம் அவளுக்கு ஹூஸ்டன்ல நர்ஸ் வேலை கெடச்சுது. அவ பேர்ல விசா, அவ பேர்ல கிரீன் கார்டு, நான் அதுல ஒட்டின ஸ்டாம்பு. ஹூஸ்டனுக்கு வெளிய பேர்லேண்ட்ல வீடு. காலைல அவ 288 ஹைவே பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போவா, நான் எங்க பொண்ணு பிரிஸில்லாவ ஸ்கூல்ல டிராப் பண்ணிட்டு நம்மாளுங்க கடையா இருக்கற ஹில்கிராஃப்ட்ல ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவப் போவேன்.

அங்கதான் சேட்டு மாட்டினாரு. சௌகார்பேட்டையில பொறந்து வளந்த ஆளு, என்னைவிட சுத்தமா தமிழ் பேசுவாரு. ஒரு பெரிய மால்ல நடு வழியில தள்ளுவண்டி மாதிரி ஒரு கடை போட்டிருந்தாரு. மரச்சக்கரம் வெச்ச வண்டி, அது மேல ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுத்தி பிரேம். ஆளு வந்து அவன் குடும்பப் பேரச் சொல்லணும். அத டைப் அடிச்சா, அந்தப் பேரு இங்கிலாந்துல எந்த ஊர்ல பொறந்துச்சு, அதுக்கு என்ன அர்த்தம், எந்தக் கப்பல்ல ஏறி எந்த ஸ்டேட்டுல எறங்குச்சுன்னு பழைய காலத்துப் பேப்பர் மாதிரி மஞ்சளா அடிச்சுத் தள்ளும். மேல ஒரு கேடயம், ரெண்டு சிங்கம்.

சேட்டு என் லைசன்ஸ வாங்கிப் பாத்தாரு. ஜெயசிங் ஹாலோவேன்னு போட்டிருந்துச்சு. உங்கப்பா வெள்ளக்காரரான்னு கேட்டாரு. இல்ல சேட்டு, பெரம்பூரு, ரயில்வே ஒர்க்ஷாப்புல ரிட்டயர் ஆனவருன்னேன். அப்ப இந்தப் பேரு எப்படின்னாரு. எங்க கிறிஸ்தவங்கள்ல சில குடும்பத்துக்கு இப்படித்தான் இங்கிலீஷ் பேரு இருக்கும் சேட்டு, ஏன்னு யாரு கண்டான்னேன். மறுநாளே எனக்கு வேலை. சர்ச்சுல கேட்டவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் லைன்னு சொல்லிட்டேன். பொய்யில்ல. கம்ப்யூட்டர் இருந்துச்சு, கிறிஸ்மஸ் நேரத்துல லைனும் இருந்துச்சு. கோட்டு சூட்டுல நிக்கணுமா சேட்டுன்னு மொத நாள் கேட்டேன். பெருசா "ஹாலோவே"ன்னு எழுதின பேட்ஜ என் சட்டையில குத்திவிட்டு அவர் சொன்னது:

"உன் மூஞ்சிய எவனும் பாக்க மாட்டான் ஜெயசிங். இத மட்டும் கொஞ்சம் மேல குத்திக்கோ."

உள்ள இருக்கறத மாத்து

தொழில் ரகசியம் ஒண்ணு சொல்லிடறேன். அந்தச் சிங்கமும் கேடயமும் எந்தக் காலத்துலயோ யாரோ ஒரே ஒரு பிரபுவுக்குக் குடுத்தது. அதே பேரு வெச்ச தச்சனுக்கும் வண்ணானுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடயாது. இத ஒரு ஹிஸ்டரி வாத்தியாரு வண்டி முன்னாடி நின்னு எனக்கு கிளாஸ் எடுத்தாரு. எடுத்துட்டு அவரே ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. மனுஷனுக்கு சிங்கம்னா அவ்வளவு ஆச. மெஷின்ல இல்லாத பேரு வந்தா, பக்கத்துல எது ஒத்துப்போகுதோ அத அடிச்சுக் குடுக்கணும்னு சேட்டு ஆர்டர். வண்டிக்கு வந்தவன் வெறுங்கையோட போகக்கூடாது. நானும் கூசாம குடுத்தேன். சரி, கொஞ்சம் கூசும். மத்தியானம் சாப்பிடறப்ப மட்டும்.

ஒரு நாள் ஒரு அம்மா, நல்ல உயரம், லிப்ஸ்டிக் பளபளன்னு, பிரேமோட திரும்ப வந்தாங்க. போன கிறிஸ்மஸ்க்கு புருஷனுக்குன்னு என்கிட்டதான் வாங்கினது. ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் மேடம்னு நான் பாட்ட ஆரம்பிச்சேன். டைவர்ஸ் ஆயிடுச்சுன்னாங்க. நான் உடனே மூஞ்சிய சோகமா வெச்சுக்கிட்டேன். நம்ம ஊர்ல துக்கம் விசாரிக்கற மூஞ்சி ஒண்ணு இருக்குமே, அது. அந்தம்மா அதப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவங்க அப்பா வீட்டுப் பேரச் சொன்னாங்க. சொல்லிட்டு:

"பிரேம் நல்ல பிரேம், அது என்கிட்டயே இருக்கட்டும். உள்ள இருக்கறத மட்டும் மாத்திக் குடு."

சுப்பையா சார்

கார்த்திக்னு ஒரு தமிழ்ப் பையன். நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோலேர்ந்து புராஜெக்டுக்காக ஹூஸ்டன் வந்திருந்தான். ஆபீஸ்ல மேனேஜருங்க எல்லாம் ஆளுக்கொரு சிங்கம் மாட்டி வெச்சிருக்காங்களாம், தனக்கும் ஒண்ணு வேணும்னான். லாஸ்ட் நேம் என்னன்னேன். சுப்பையான்னான். ஆபீஸ்ல அவன எல்லாரும் மிஸ்டர் சுப்பையான்னுதான் கூப்பிடுவாங்களாம். டேய் தம்பி, அது உங்கப்பா பேரு இல்லியா, நம்மாளுக்கு ஏதுடா குடும்பப் பேருன்னேன். ஆமாண்ணே, சங்கரன்கோவில்ல உரக்கடை வெச்சிருக்காருன்னு தலையச் சொறிஞ்சான். மெஷின்ல அடிச்சுப் பாத்தேன். பக்கத்துல வர்ற பேரு ஏதோ வெள்ளக்காரப் பாதிரியாரோடது. வேணாம்டா, நானே உனக்கு ஒண்ணு எழுதித் தரேன்னு கலாய்ச்சேன். சுப்பையா, சங்கரன்கோவில்ல உரக்கடை வெச்சு வாழ்ந்த வம்சம்னு ஆரம்பிக்கலாமா?

அவனும் விடல. வந்த வழின்னு போடற எடத்துல, மீனம்பாக்கம் ஏர்போர்ட் வரைக்கும் வந்து டாட்டா காட்டிட்டு திருநெல்வேலி பஸ் ஏறிட்டாருன்னு போடுங்கண்ணேன்னான். ரெண்டு பேரும் வண்டியப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சோம். சிரிப்பு அடங்கறப்ப அவன் கண்ணு என் பேட்ஜுல விழுந்துச்சு. உங்களுது எந்த ஊருண்ணேன்னான். நான் வழக்கம் போல யாரு கண்டான்னேன். பையன் விளையாட்டாத்தான் சொன்னான், ஆனா அன்னிக்கு பூரா எனக்குக் குத்திட்டே இருந்துச்சு:

"என் பேருக்காவது ஆளு உயிரோட இருக்காரு, ஃபோன் பண்ணிக் கேட்டுக்குவேன். நீங்க யாருக்குண்ணே ஃபோன் பண்ணுவீங்க?"

குதிரையில வந்த தாத்தா

ஆள் வராத ஒரு மத்தியானம், சும்மா ஹாலோவேன்னு தட்டினேன். மெஷின் கொட்டித் தீத்துடுச்சு. ஹாலோவேன்னா பள்ளமான பாதையாம். வண்டியும் மாடும் மனுஷனும் காலங்காலமா நடந்து நடந்து தேஞ்சு, ரெண்டு பக்கமும் கரை உயந்து, நடுவுல குழிஞ்சுபோன ரோடு. அந்த மாதிரி ரோட்டோரம் குடியிருந்தவனுக்கு அந்தப் பேரு. நம்ம கணக்குல பள்ளத்தெருக்காரன். அவ்வளவு ஏழைப்பட்ட பேருக்கு அடுத்த வரியிலயே எங்கேர்ந்தோ ஒரு குதிரைவீரன் வந்துட்டான். அவன் வம்சம் கப்பல் ஏறி வர்ஜினியா வந்து, ஜார்ஜியா, அலபாமான்னு நெலம் வாங்கி செழிச்சு, கடைசியில டெக்சாஸ் வந்து சேந்துச்சாம். மேல சிங்கம் ரெண்டு.

ஸ்டாஃப் டிஸ்கவுண்ட்ல ஒரு பிரேம் போட்டு வீட்டு ஹால்ல மாட்டிட்டேன். பிரிஸில்லாவுக்கு அப்ப ஒம்போது வயசு. தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷ்ல வரும். இது யாரு டாடின்னு கேட்டா. வாய் சும்மா இருக்குமா? நம்ம தாத்தாவோட தாத்தாம்மா, குதிரையில வந்தாரு, இங்கிலாந்துல ஒரு முக்குல அவரோட அண்ணன் இடது பக்கம் திரும்பி அமெரிக்கா வந்தான், நம்ம ஆளு வலது பக்கம் திரும்பி திருநெல்வேலி போயிட்டாருன்னேன். குதிரை என்ன கலருன்னா. வெள்ளைன்னேன். ஷீலா டியூட்டி முடிஞ்சு ஷூவக் கழட்டிட்டே கேட்டுட்டிருந்தா. அவ பெருசா கத்தற ஆளு இல்ல:

"வெளிய யார்கிட்ட வேணா பீலா விடுங்க. இவ மட்டும் வேணாம், இவ நம்பிடுவா."

எதிர் வண்டி

என் வண்டிக்கு எதிர்ல ஹேர் கிளிப்பும் சென்ட்டும் விக்கற வண்டி. அதுல இருந்தவ டோரத்தி, கறுப்பு இனப் பொம்பள, என்னைவிட வாய் ஜாஸ்தி. நான் வேலைக்குச் சேந்த மொத நாளே என் பேட்ஜப் பாத்துட்டு அவ பேட்ஜத் தூக்கிக் காமிச்சா. அவளும் ஹாலோவே. அன்னிலேர்ந்து நான் அவளுக்கு கசின், அவ எனக்கு கசின். அவ பொண்ணு மோனிக் எங்க பிரிஸில்லா கிளாஸ்லயே படிச்சா. ஒரே கிளாஸ்ல ரெண்டு ஹாலோவே, ஒண்ணு எங்க கலரு, ஒண்ணு அவங்க கலரு. நீங்க ரெண்டு பேரும் சிஸ்டர்ஸான்னு பசங்க கேப்பாங்களாம். ஆமான்னு ரெண்டும் சேந்து சொல்லுமாம்.

ஸ்கூல்ல ஹெரிட்டேஜ் டேன்னு வெச்சாங்க. வர்ற வெள்ளிக்கிழம, கஃபட்டீரியாவுல, பெத்தவங்க முன்னாடி, ஒவ்வொரு புள்ளையும் தன் குடும்பப் பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லணும். பேரு வரிசையில மோனிக் ஹாலோவே, அடுத்து பிரிஸில்லா ஹாலோவே. பிரிஸில்லா அந்தப் பிரேமயே எடுத்துட்டுப் போறதா இருந்தா. வெள்ளைக் குதிரை ஒண்ணும் வரஞ்சு கலர் அடிச்சு வெச்சிருந்தா. நான் ஒரு பெரிய மனுஷத்தனம் பண்ணேன். செவ்வாய்க்கிழம டோரத்திக்கும் ஒரு ஹாலோவே அடிச்சு, கசினுக்கு ஃப்ரீ, மோனிக் ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகட்டும்னு நீட்டினேன்.

அவ கண்ணாடி போட்டுட்டு மொத்தமும் படிச்சா. சிரிக்கல. வெரல ஒவ்வொரு வரியா எறக்கிட்டே வந்து அலபாமான்னு இருந்த எடத்துல நிறுத்தினா. "இந்த ஸ்டாப்புலதான் எங்காளுங்கள ஏத்தினான்"னா. பருத்திக் காட்டுக்கு வேலை செய்ய அவங்க பாட்டன் பாட்டிய வெலைக்கு வாங்கின மொதலாளி பேரு ஹாலோவே. விடுதலை கெடச்சப்ப எழுதிக் குடுக்க வேற பேரு அவங்க கையில இல்ல. அதுக்கு முன்னாடி இருந்த பேரு என்னன்னு யாருக்கும் தெரியாது. அதத்தான் மோனிக் வெள்ளிக்கிழம சொல்லப்போறா. அவ சொல்லி முடிச்சு உக்காந்தவுடனே என் பொண்ணு அதே ஹாலோவேயோட சிங்கத்தத் தூக்கிட்டு, இவர்தான் எங்க தாத்தான்னு எழுந்து நிக்கப்போறா. டோரத்தி பேப்பர மடிக்கக்கூட இல்ல, வந்த மாதிரியே என் கையில குடுத்தா:

"எங்க வீட்டுக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும் கசின். உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

பெரம்பூருக்கு ஒரு ஃபோன்

எல்லாத்துக்கும் ரெடியா ஒரு பதில் வெச்சிருக்கற ஆளு நான். அன்னிக்கு பிரேம் எல்லாத்தயும் நேரா இருக்கறத மறுபடி நேரா வெச்சிட்டிருந்தேன். மறுநாள் காலைல, பொண்ண ஸ்கூல்ல விட்டுட்டு வந்து, காலிங் கார்டுல நம்பரா அமுக்கி அப்பாவப் பிடிச்சேன். அங்க சாயங்காலம். எடுத்தவுடனே யாருக்கு உடம்பு சரியில்லன்னு கேட்டாரு. உடம்பெல்லாம் நல்லாருக்குப்பா, நமக்கு ஏன் ஹாலோவேன்னு பேருன்னேன். டிவிய அணைக்கற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஆரம்பிச்சாரு.

திருநெல்வேலிப் பக்கம் பெரிய பஞ்சம். அப்பாவோட தாத்தா பேரு சுடலைமுத்து. அவரும் தம்பியும் சோறு இல்லாம ஒரு மிஷன் போர்டிங் வாசல்ல வந்து விழுந்த புள்ளைங்க. அந்தக் காலத்துல ஒவ்வொரு புள்ளையோட சாப்பாட்டுக்கும் சீமையிலேர்ந்து யாராவது ஒருத்தங்க பணம் அனுப்புவாங்களாம். எந்தப் புள்ள யாரு பணத்துல சாப்பிடுதோ, அவங்க பேரு அந்தப் புள்ளைக்கு. மிஸ் ஹாலோவேன்னு ஒரு அம்மா ஒரு புள்ளைக்கு அனுப்பிட்டிருந்தாங்க. தம்பிய வேற யாரோ பெர்கின்ஸ்ங்கறவர் கணக்குல சேத்தாங்க. ஒரே வயித்துல பொறந்த அண்ணன் ஹாலோவே, தம்பி பெர்கின்ஸ். சின்ன வயசுல எங்க வீட்டுக்கு கேக்கோட வர்ற பெர்கின்ஸ் சித்தப்பாவ, யாருடா இந்த வெள்ளக்காரன்னு நான் ஓட்டாத நாள் இல்ல. அந்தாளு எங்க ரத்தம்.

இதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. சுடலைமுத்து மொதல் ஹாலோவே இல்லியாம். அவருக்கு முன்னாடி அந்த போர்டிங்ல சாமுவேல் ஹாலோவேன்னு வேற ஒரு பையன் இருந்தான். காய்ச்சல் வந்து செத்துட்டான். செத்துட்டான்னு சீமைக்கு எழுதினா பணம் நின்னுடும், வாசல்ல புள்ளைங்க காத்துட்டிருக்குது. அதனால அடுத்த புள்ளைக்கு அதே பேர வெச்சுட்டாங்க. போர்டிங்ல பித்தளத் தட்டுல புள்ளைங்க பேர வெட்டி வெச்சிருப்பாங்களாம். ஹாலோவேன்னு வெட்டின தட்டு இருந்துச்சு, அதுக்கு ஆளு வேணும். அப்படித்தான் சுடலைமுத்து சாமுவேல் ஹாலோவே ஆனாரு. அந்தத் தட்டு பெரம்பூர்ல எங்க வீட்டுல இருந்துச்சு, எனக்குத் தெரியும். ஓரம் நசுங்கின பழைய தட்டு, அதக் கவுத்துப் போட்டு நான் தாளம் போடுவேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளும் திருப்பிப் பாக்கல. ஏம்ப்பா இத எனக்குச் சொல்லவேயில்லன்னு கேட்டேன். அப்பாவுக்குக் கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல:

"நீ கேக்கவேயில்லியேடா. உன் வாய் ஓயட்டும், சொல்லலாம்னு இருந்தேன்."

குதிரை

வியாழக்கிழம சாயங்காலம். மறுநாள் ஹெரிட்டேஜ் டே. பிரிஸில்லாவுக்குக் காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டுடலாம்னு ஷீலாகிட்ட மெதுவாப் பேச்சு எடுத்தேன். நர்ஸு வீட்டுலயே பொய்க் காய்ச்சலான்னு கேட்டா. அவமானம் யாருக்குன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, புள்ளைக்கா உங்களுக்கான்னா. பதில் எனக்குத் தெரியும். செவுத்துலேர்ந்து பிரேமக் கழட்டி அலமாரிக்குள்ள, கம்பளிக்குப் பின்னாடி சொருகினேன். சிங்கம் அங்கயும் முறைச்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

பொண்ண சமையல்கட்டு டேபிள்ல உக்கார வெச்சு எல்லாத்தயும் சொன்னேன். பஞ்சம், போர்டிங், தட்டு, செத்துப்போன பையன். வழக்கமா நான் கதை சொன்னா நடுநடுவுல நூறு கேள்வி கேப்பா. அன்னிக்கு நான் முடிக்கற வரைக்கும் நடுவுல வரல. முடிச்சப்புறம், செத்துப்போன அந்த மொதல் பையனோட நிஜப் பேரு என்னன்னு கேட்டா. தெரியலம்மான்னேன். அந்த லேடிக்கு அவன் செத்தது தெரியுமான்னா. தெரியாதுன்னேன். டேபிள் மேல அவ வரஞ்ச படம் இருந்துச்சு, பிடரி மயிரெல்லாம் ஒவ்வொண்ணா போட்டிருந்தா. அதக் கொஞ்ச நேரம் பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்தா. அப்பன நம்பறத ஒரு புள்ள நிறுத்தற நேரம் எப்படியிருக்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கடைசியா அவ கேட்டது இவ்வளவுதான்:

"ஸோ… நோ ஹார்ஸ், டாடி?"

வெள்ளிக்கிழம

கஃபட்டீரியாவுல கடைசியில, பால் பாக்கெட் வெக்கற ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி போய் நின்னுட்டேன். ஷீலா முன்வரிசையில. டோரத்தி அவளுக்குப் பக்கத்துல. நடுவுல பாத்தா எங்க சர்ச்சு ரோஸ்லின் ஆன்ட்டி. அவங்க பையனும் அந்த ஸ்கூலுதான்னு எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. மோனிக் எழுந்து நின்னு, டோரத்தி சொன்ன அதே கதைய, டோரத்தி மாதிரியே தலையத் தூக்கிட்டு சொன்னா. அப்புறம் எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்து பிரிஸில்லா. எழுந்தவ கையில அந்தப் பிரேம். அலமாரியிலேர்ந்து எப்ப எடுத்தான்னு தெரியல.

இங்கிலீஷ்லதான் பேசினா, நான் தமிழ்ல சொல்றேன். "இத எங்கப்பா மால்ல ஒரு வண்டியில விக்கறாரு. இந்தச் சிங்கம் எங்களோடது இல்ல. மோனிக்கோடதும் இல்ல"ன்னு சொல்லிட்டு, பிரேமக் கவுத்து டேபிள் மேல வெச்சா. ரோஸ்லின் ஆன்ட்டி தலை மெதுவாத் திரும்பி, தேடி, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி என்னைக் கண்டுபிடிச்சுது. கம்ப்யூட்டர் லைன் அங்கயே அறுந்துபோச்சு. பிரிஸில்லா நிறுத்தல. பஞ்சத்துல வந்த பையன், சீமை அம்மா, தட்டு, எல்லாம் சொன்னா. "எங்க தாத்தாவுக்கு முன்னாடி இந்தப் பேரு ஒரு பையனுக்கு இருந்துச்சு. அவன் செத்துட்டான். அத யாரும் அந்த லேடிக்கு சொல்லல. அவன் பேர இப்ப நாங்க வெச்சிருக்கோம்"னா. அவ்வளவுதான், உக்காரப் போனா. மோனிக் கையத் தூக்கி, அப்ப உங்க தாத்தாவோட நிஜப் பேரு என்னன்னு கேட்டா. சுடலைமுத்துன்னா பிரிஸில்லா. எங்க சொல்லு, எங்க சொல்லுன்னு பசங்க எல்லாம் ஆரம்பிச்சு, ஒரு கிளாஸே நாக்கு சுளுக்கிக்கிட்டு சுடலைமுத்து சுடலைமுத்துன்னு கத்துது. டீச்சரும் ரெண்டு தடவ முயற்சி பண்ணாங்க. மோனிக்குக்குத்தான் மொதல்ல சரியா வந்துச்சு.

முடிஞ்சு வெளிய வர்றப்ப ரோஸ்லின் ஆன்ட்டி நேரா என்கிட்டதான் வந்தாங்க. ஓடவும் வழியில்ல. அடுத்த ஞாயித்துக்கிழம சமோசா நேரத்துல என்னென்ன பேச்சு வரும்னு நான் மனசுல ஓட்டிட்டிருக்கறப்ப, அவங்க குரலத் தாழ்த்தி, "பிரதர், எங்க வீட்டுக்காரர் குடும்பப் பேரு கிளாட்வின். நாங்களும் இது நாள் வரைக்கும் எதுக்குன்னு கேட்டதில்ல. உங்கப்பாவுக்குத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லுவீங்களா?"ன்னாங்க. மெஷின்ல இல்ல, அப்பாகிட்ட.

பார்க்கிங்ல பிரிஸில்லா கார்ல ஏறாம மோனிக்கோட நின்னுட்டிருந்தா. நான் கிட்டப் போனேன். ஸாரிம்மான்னேன். அவ பரவால்லன்னு சொல்லல. பிரேம என் கையில குடுத்துட்டு, தாத்தாவுக்கு ஞாயித்துக்கிழம ஃபோன் பண்ணலாமான்னு கேட்டா, நான் இல்ல, அவளே பேசணுமாம். சரின்னேன். டோரத்தி கார் சாவியச் சுத்திக்கிட்டே எல்லாத்தயும் பாத்துட்டு இருந்தா. அவகிட்டேர்ந்து ஒரு குத்து வரும்னு தெரியும், வந்துச்சு:

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கடை தெறக்கும் கசின். என் எதிர்ல நின்னு அந்தச் சிங்கத்த எப்படி விக்கறன்னு நான் பாக்கறேன்."

ஊருக்கெல்லாம் சிங்கம் வித்தவன் வீட்டுல இருந்தது ஒரே ஒரு தட்டு, அதுவும் செத்துப்போன ஒரு பையனோடது.